மெட்டுக்குப் பாட்டு: அறுபதுகளின் சினிமாப் பாடல்கள் பற்றி ஒரு விசாரணை

பழைய தகரப் பெட்டி ஒன்றில் நூலால் கட்டிப் போட்டிருந்த பாட்டுப் புத்தகங்களைச் சென்ற மாதம் ஒருநாள் வெளியே எடுத்துத் தூசி தட்டினேன். சினிமாக் கொட்டகை வாசலில் சில காசுகளுக்கு விற்ற, தொட்டால் உதிரும் மட்டக் காகிதத்தில் அச்சான, அந்தச் சிறு புத்தகங்களை இக்காலத்து இளைஞர்கள் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். மேலட்டையில் நாயகனும் நாயகியும். உள்ளே நடிகர்கள், கலைஞர்களின் பெயர்கள். அப்புறம் ஒரு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம். கதையில் முடிச்சு விழுகிற இடம் வந்ததும், 'மீதியை வெண்திரையில் காண்க' என்று கண்டிப்பாக ஒரு வரி. அதன் பிறகு பாட்டுகள். அண்டை வீட்டு வால்வு ரேடியோ பாடும்போது இப்புத்தகத்தைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு சொல் பிசகாமல் நெட்டுருப் போட்ட காலம் ஒன்று எனக்கு உண்டு. இப்போது அதற்கு நேர்மாறான ஒரு காரியத்தைச் செய்து பார்க்கலாமென்று தோன்றியது. மெட்டை மனத்துக்குள் ஓடவிடாமல், தனிப்பாடல் திரட்டைப் படிப்பதுபோல, அறுபதுகளின் பாட்டுகளை வெறும் எழுத்தாகப் படித்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

சொல்லுகிற அளவுக்கு இது சுலபமல்ல. கண் எழுத்தைத் தொட்டவுடனே டி. எம். சௌந்தரராஜனின் குரல் நம் தொண்டைக்குள் ஏறிக்கொள்கிறது, பி. சுசீலா இழுத்த இடத்தில் நாமும் இழுக்கிறோம். பிடிவாதமாக அந்தக் குரல்களை வாசலில் நிறுத்திவிட்டுப் படித்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பல்லவி மெட்டில்லாமலும் உயிரோடு இருந்தது; முதற் சரணமும் பெரும்பாலும் தாங்கியது; இரண்டாவது சரணத்துக்கு வந்தால், அங்கே எதுகை இருந்தது, மோனை இருந்தது, நிலவும் தென்றலும் தவறாமல் ஆஜராகியிருந்தன, சொல்வதற்கென்று மட்டும் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பாட்டில் இப்படியிருந்தால் கவிஞரின் அன்றைய சோர்வு என்று விட்டுவிடலாம். புத்தகத்துக்குப் புத்தகம் இப்படியே இருந்தால் காரணத்தை வேறெங்கோ தேடவேண்டும். அப்படித் தேடப் போனதில்தான், மெட்டுக்குப் பாட்டெழுதும் வழக்கத்தைப் பற்றிய அந்தப் பழைய விவகாரத்துக்குள் மறுபடியும் வந்து விழுந்தேன்.

விவகாரம் எல்லோரும் அறிந்ததே. டைரக்டர் கதையின் கட்டத்தைச் சொல்கிறார்; சங்கீத டைரக்டர் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து அந்தக் கட்டத்துக்கு ஒரு மெட்டுப் போட்டு, அதைத் தத்தகாரமாகவோ பொருளற்ற வேறு ஓசையாகவோ பாடிக் காட்டுகிறார்; கவிஞர் அந்த அளவுக்குள் சொற்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். கண்ணதாசனோ எழுதக்கூட மாட்டார். அவர் சொல்லச் சொல்ல உதவியாளரான பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். 1952-ல் 'பணம்' படத்தில் சேர்ந்து 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்த விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையரும், அவர்களுக்குப் பின் தனித்து நின்ற விசுவநாதனும் கோலோச்சிய அப்பத்தாண்டில், எழுதிய பாட்டுக்கு மெட்டமைத்த சந்தர்ப்பங்களும் உண்டென்றாலும், பெருவழி இதுவாகவே இருந்தது. தமிழ்ப் புலவர்களுக்கு இது ஒருபோதும் பிடித்ததில்லை. செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிப்பதா என்று கேட்டார்கள். சொல்லுக்குச் சேவகம் செய்யவேண்டிய இசை சொல்லை ஏவல் கொள்வதாவது என்று வருந்தினார்கள்.

இந்த ஆட்சேபத்தில் ஒரு சரித்திர மறதி இருக்கிறது. திருப்புகழ்ப் பதிப்பைத் திறந்தால் பாட்டின் தலைமேல் 'தனன தானன' என்று சந்தக் குழிப்பு அச்சாகியிருப்பதைக் காண்கிறோம். அந்தக் குழிப்புக்குள் ஓரெழுத்தும் வெளியே சிந்தாமல் பக்தியை வார்த்த அருணகிரிநாதரை எந்தப் புலவரும் செருப்புத் தைப்பவர் என்று சொல்லவில்லை. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, காவடி தூக்கி ஆடுகிறவனின் அடிவைப்புக்குக் கட்டுப்பட்டது. நாடகக் கம்பெனிகளில் வர்ண மெட்டென்பது தினசரி வியாபாரம். பாரதியாரின் பாட்டுகளிலேயே, நந்தனார் சரித்திரத்தில் வரும் இன்ன பாட்டின் வர்ண மெட்டு என்று குறிப்புகள் இருக்கின்றன. ஜனங்கள் விரும்பும் மெட்டை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்பதைப் 'பாஞ்சாலி சபத'த்தின் முகவுரையிலே அவர் கூச்சமின்றிச் சொல்லியும் இருக்கிறார். ஆகையால் சினிமாக்காரர் புதிதாக ஒரு பாவத்தைக் கண்டுபிடித்துவிடவில்லை. அவர்களிடம் புதிதாக இருந்தது அவசரம் ஒன்றுதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மெட்டுக்குச் சொல் தேடுகிறவனுக்குத் தமிழ் செய்கிற உபகாரத்தையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் முடியலாம் என்பதற்குத் தொல்காப்பியர் கணக்குச் சொல்லியிருக்கிறார்: உயிரில் முடியும், அல்லது மெல்லினத்திலும் இடையினத்திலும் சில மெய்களில் முடியும், வல்லின மெய்யில் முடியவே முடியாது. கதவைச் சாத்தினாற்போல் டக்கென்று நிற்கிற சொல் நம்மிடம் இல்லை. குரல் எந்தச் சொல்லின் கடைசியிலும் தங்கலாம், இழையலாம், அடுத்த சொல்லோடு கைகோத்துக் கொள்ளலாம். இது பெரிய அனுகூலம். இதற்கு எதிரிடையான ஆபத்து ஒன்றும் உண்டு. குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும்: கல் காலாகும், பல் பாலாகும், படம் பாடமாகும். மெட்டு எங்கே நீள்கிறதோ அங்கே நெடிலையும், எங்கே துள்ளுகிறதோ அங்கே குறிலையும் வைக்கத் தெரியாதவன் எழுதிய பாட்டைப் பாடகன் வாயில் கேட்டால் அர்த்தம் அனர்த்தமாகிவிடும். கண்ணதாசனிடம் இந்த நெடில்–குறில் ஞானம் யோசித்துச் செய்கிற காரியமாக இல்லாமல் மூச்சு விடுவதுபோல இருந்தது. அவருடைய பல்லவியை எடுத்துக்கொண்டு, எங்கெங்கே குரல் நிற்கிறதென்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொரு கோட்டின் கீழும் ஒரு நெடிலோ, 'ம்', 'ன்' போன்ற ரீங்காரம் தாங்கும் மெய்யோ இருக்கும்.

அந்தத் தமிழை நம் காதில் சேர்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுசீலாவும் பி. பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். சௌந்தரராஜன் மதுரைச் சௌராஷ்டிரர். விசுவநாதன் பாலக்காட்டுப் பக்கத்தவர். ழகரமும் ளகரமும் றகரமும் இன்ன இடத்தில் இப்படி ஒலிக்கவேண்டுமென்று என் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பாதி, இவர்கள் பாதி. தமிழைப் பிறப்புரிமையாகப் பெற்றவர்கள் அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்த போது, கற்றுக்கொண்டவர்கள் அதை அக்கறையாக உச்சரித்தார்கள் என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

மெட்டுக்கு எழுதும் இந்த வழக்கம் நமக்குச் செய்த பெரிய நன்மை என்று நான் கருதுவது, அது பாட்டைப் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் சினிமாப் பாட்டு கீர்த்தனையின் பங்காளி. கதாநாயகன் காதலியிடம் பேசுவதும் பக்தன் பகவானிடம் முறையிடுவதும் ஏறக்குறைய ஒரே பாஷையில் நடந்தன. மெல்லிசை வந்து மெட்டின் துண்டுகளைச் சிறிதாக்கிற்று. நாலைந்து எழுத்துக்குள் ஒரு துண்டு முடிந்துவிடும். அதற்குள் நீண்ட சமாசங்களுக்கு இடமில்லை. இரண்டே சொல்லுக்கு இடமிருக்கும்போது கவிஞன் எதைச் சொல்வான்? மனிதன் நிஜமாகவே வாய்விட்டுச் சொல்லக்கூடிய இரண்டு சொற்களைத்தான் சொல்லியாக வேண்டும்: ஒரு கேள்வி, ஒரு விளி, ஒரு திகைப்பு.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-ல் வந்தது. ஆஸ்பத்திரி அறை, கட்டிலில் சாகக் கிடக்கும் கணவன், தான் போனபின் அவள் மறுமணம் செய்துகொள்ள வேண்டுமென்று, அதுவும் அவளுடைய முன்னாள் காதலனான டாக்டரையே மணந்துகொள்ள வேண்டுமென்று மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அவள் பாடுகிறாள். பழைய முறையாக இருந்தால் கற்பின் மகிமையைப் பற்றி நாலு அடி வந்திருக்கும். இங்கே பல்லவி, இந்தச் சொல் உன் வாயிலிருந்தா வந்தது என்ற ஒரு கேள்வி மட்டுமே. எந்த வீட்டிலும் எந்த மனைவியும் கேட்கக்கூடிய கேள்வி. மெட்டு அந்தக் கேள்வியை உரத்துக் கேட்கவில்லை, தாழ்ந்த குரலில் இரண்டு தடவை கேட்கிறது. முதல் தடவை நம்பாமல், இரண்டாந் தடவை நம்பித்தான் ஆகவேண்டுமென்று தெரிந்தபின். சொற்கள் ஒன்றே, இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சுசீலாவின் குரலில் இருக்கிறது. எழுத்தாக முதலில் எழுதப்பட்டிருந்தால் அந்த இடத்தில் இன்னும் இரண்டு உவமைகள் வந்து உட்கார்ந்திருக்குமென்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இடமின்மைதான் அங்கே கவிதையைக் காப்பாற்றியது. 1964-ல் வந்த 'புதிய பறவை'யில் நிம்மதியைத் தேடி நாயகன் அலறுகிற பாட்டும் இந்த ஜாதிதான். சுற்றிலும் பெரிய வாத்தியக் கோஷ்டி கடல்போல் பொங்குகிறது. நடுவில் நிற்பதோ, கடன்காரன் வந்துபோன மாலையில் நம் வீட்டிலேயே யாராவது சொல்லக்கூடிய ஒரு வாசகம்.

மெட்டின் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒரு சிறு உதாரணம் சொல்கிறேன். 1966-ல் வந்த 'அன்பே வா' படத்துக்கு வாலி எழுதிய ஒரு பாட்டில் 'உதய சூரியன்' என்று வந்தது. அது அப்போது ஒரு கட்சியின் தேர்தல் சின்னம்; தணிக்கைக்காரர் ஆட்சேபித்தார்கள்; 'உதய' போய்ப் 'புதிய' வந்தது. இரண்டையும் அருகருகே வைத்து அலகிட்டுப் பாருங்கள்: உத–ய, புதி–ய, நிரை நேர், நிரை நேர். மூன்றும் குறில். இரண்டாம் எழுத்து இரண்டிலும் தகர வருக்கம், எதுகைகூடக் கலையவில்லை. தாளத்தில் ஒரு இழையும் பிரியாமல் அரசியலைப் பிடுங்கிக்கொண்டு அதன் இடத்தில் அதே அளவு இன்னொரு கல்லைச் சொருகிவிட்டார் கவிஞர். கேட்ட ஜனங்களோ, புதிய என்று பாடியபோதும் உதய என்றே கேட்டுக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். யாப்பிலக்கணம் பண்டிதர் பரீட்சைக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் கோடம்பாக்கத்துக்குப் போயிருக்க வேண்டும்.

இனிக் குறைகள். பல்லவி பிறக்கும்போது எல்லோரும் கூடியிருக்கிறார்கள். கவிஞர் நாலைந்து பல்லவி சொல்கிறார். டைரக்டர் ஒன்றை வேண்டாமென்கிறார், தயாரிப்பாளர் ஒன்றுக்கு முகம் சுளிக்கிறார், சங்கீத டைரக்டர் ஒன்றைப் பாடிப் பார்த்துவிட்டுச் சொல்லுக்காக மெட்டையே சற்று நெளிக்கிறார். அங்கே மெட்டும் சொல்லும் மாமியார் மருமகளாக இல்லாமல் சம்பந்திகளாக உட்கார்ந்து பேசுகின்றன. முதற் சரணத்திலும் இந்த மரியாதை ஓரளவு நீடிக்கும். அதற்குள் மெட்டு உறைந்துவிடுகிறது. இரண்டாவது சரணமென்பது முதற் சரணத்தின் அச்சில் இன்னொரு வார்ப்பு. மேடு அங்கேயே, பள்ளம் அங்கேயே. முதற் சரணத்தின் மூன்றாவது அடியில் மெட்டு உச்சிக்கு ஏறியது, அங்கே சொல்லவேண்டிய துயரம் ஒன்று இருந்ததால். இரண்டாவது சரணத்திலும் அதே இடத்தில் மெட்டு அதே உச்சிக்கு ஏறும், அங்கே சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். பாடகர் தம் உயிரையெல்லாம் திரட்டி மேலே ஏறிப்போய் அங்கிருந்து அறிவிக்கிற செய்தி, மலர் மலர்ந்தது என்பதாக இருக்கும்.

இடத்தை நிரப்ப வேறு உபாயங்களும் உண்டு. அசைநிலை என்றும் இசைநிறை என்றும் இடைச்சொல்லுக்குள்ளே தொல்காப்பியர் இரு வகை சொல்லியிருக்கிறார். பொருளுக்காக வராமல், நிரப்புவதற்காக வருபவை. பழைய செய்யுளில் 'மன்', 'கொல்', 'ஆங்கு' என்று கிடந்த அந்தக் குடும்பம் சினிமாப் பாட்டில் 'அல்லவா', 'தானே', 'அம்மா', 'கண்ணே' என்று புதுப்பெயர் பூண்டு வாழ்கிறது. ஓரிடத்தில் இனிக்கும், பன்னிரண்டு இடத்தில் வந்தால், மளிகைக் கடைக்காரர் நிறுவையைச் சரிக்கட்டத் தட்டில் போடும் புளியங்கொட்டைபோலத் தெரியும். இதற்குமேல் சொற்பஞ்சம். அறுபதுகளின் காதல் பாட்டுகளை வரிசையாகப் படித்தால், நிலவு, மலர், தென்றல், கொடி, இதழ், விழி, தேன், மஞ்சம் ஆகிய எட்டுச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை காதலித்து முடித்துவிட்டதோ என்று சந்தேகம் வருகிறது. காரணம் அந்தக் கவிஞர்களின் ஏழ்மை அல்ல. இச்சொற்களின் அளவு வாகானது. இரண்டு மூன்று எழுத்துக்குள் அடங்கும், எங்கே வேண்டுமானாலும் பொருந்தும். மெட்டு கேட்ட அளவில் கைக்கெட்டிய அலமாரியில் இருந்த சொற்கள் இவை. மேல்தட்டில் இருந்ததை எட்டி எடுக்க ஸ்டூல் போட நேரமில்லை.

நேரமில்லை என்று சொன்னேனே, அதுதான் விஷயம். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தர'த்தில் ஒரு பாட்டின் ஒலிப்பதிவையே காட்சியாக வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: விசுவநாதன் நின்று கையசைக்கிறார், வாத்தியக்காரர்கள் தத்தம் இடத்தில், மைக்கின் முன்னால் சௌந்தரராஜன். அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தாலும் கவனிப்பது எல்லோருடைய கண்களையும்தான். அத்தனை கண்களும் ஒரே சமயத்தில் விழித்திருக்க வேண்டும். பாட்டும் வாத்தியமும் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் பதிவாகிற காலம் அது. ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். தியேட்டரை வாடகைக்கு எடுத்து, இவ்வளவு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு, இரண்டாவது சரணத்தின் மூன்றாவது அடியில் ஒரு சொல் சரியில்லை என்று யார் எழுந்து சொல்வார்கள்? அருணகிரிநாதருக்குக் கால்ஷீட் கிடையாது.

மெட்டின் கட்டுக்குள்ளேயே இரண்டாவது சரணம் தலைநிமிர்ந்து நிற்கிற பாட்டுகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1961-ல் வந்த 'பாசமல'ரின் தாலாட்டு அப்படிப்பட்டது. அண்ணன் ஓரிடத்தில் தன் குழந்தையையும், தங்கை வேறோரிடத்தில் தன் குழந்தையையும் உறங்கவைக்கிறார்கள். குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்கிறார்கள். பல்லவியில் பச்சிளங் குழந்தைதான் இருக்கிறது. சரணத்துக்குச் சரணம் நகர்ந்து போகையில், அண்ணன் தன்னைத் தாயாக இருந்து வளர்த்த கதை தங்கையின் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அந்தச் சரணத்தை எடுத்துவிட்டால் பாட்டு ஊனமாகும். அடுத்த வருஷம் வந்த 'பாதகாணிக்கை'யில், மரணத்தைப் பற்றிப் பட்டினத்தாரின் சாயலில் கண்ணதாசன் செய்த பாட்டில், பல்லவி ஒரு படிக்கட்டு. சரணங்களும் ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு. எந்தச் சரணத்திலும் ஏறி இறங்க வழியிருக்கிறது. கதை நகரவேண்டும், அல்லது யோசனை நகரவேண்டும்; இரண்டிலொன்று நகர்ந்தால் மெட்டு திரும்ப வருவது பாரமாக இருப்பதில்லை, பழக்கமான தெருவில் புதிய மனிதரைச் சந்திப்பதுபோல இருக்கிறது.

அப்படியானால் சொல் முந்தி மெட்டு பிந்தி என்ற முறைதான் உத்தமமா? அந்தக் கட்சிக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுகிறவர் கே. வி. மகாதேவன். எழுதிக் கொடுத்த சாகித்தியத்தை எடுத்துவைத்துக்கொண்டு மெட்டமைப்பதே அவருக்கு உகந்த முறை என்பது பிரசித்தம். சிறந்த சங்கீத டைரக்டருக்கான தேசிய விருது முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட 1967-ல், 'கந்தன் கருணை'க்காக அதைப் பெற்றவரும் அவரே. அவர் இசையில் 1965-ல் வந்த 'திருவிளையாட'லில் ஹேமநாத பாகவதராக வரும் டி. எஸ். பாலையாவுக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடியது நினைவிருக்கலாம். கர்வம் பிடித்த வித்துவான் தன் வித்தையைக் கடை விரிக்கிற கட்டம். கண்ணதாசன் சொற்களுக்குள் ராகப் பெயர்களை ஒளித்துவைத்திருக்கிறார். 'எழுந்து', 'ஓடி' என்ற இரண்டும் புணருகையில் நடுவே தோடி எட்டிப் பார்க்கிறது. பெயர் வருகிற இடத்தில் அந்த ராகமே வருகிறது. தர்பாருக்கும் மோகனத்துக்கும் கானடாவுக்கும் இதே உபசாரம். முன்கூட்டியே போட்ட மெட்டில் இந்த விளையாட்டை விளையாட முடியாது. சொல் கைகாட்டுகிற பக்கம் ராகம் திரும்ப வேண்டும். இது ஒரு பெரிய சாதனை.

ஆனால் இந்த முறையின் சாதாரண விளைவுகளை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. சொல் முந்தியபோது அடி நீண்டது. அடி நீண்டபோது மெட்டு சொல்லுக்குச் சொல் நின்று நின்று, பெரியவர் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறவன்போல வந்தது. துதிக்கும் விருத்தத்துக்கும் புராணத்துக்கும் அது பொருத்தம். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை'யில் வந்த உல்லாசத்தை அந்த நடையில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த மெட்டுகள் துள்ளியதால்தான் சொற்களும் துள்ளக் கற்றுக்கொண்டன. என் அபிப்பிராயத்தில், எது முந்தியது என்பது பாட்டின் ஜாதியைத் தீர்மானிக்கிறதே தவிர, அதன் தரத்தைத் தீர்மானிப்பதில்லை.

தரம் கெட்டதற்கு நாமும் உடந்தை. 1952-ல் கேஸ்கர் மந்திரியாக வந்து அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது, நம் ஜனங்கள் ரேடியோவின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். பிறகு 1957-ல் விவித பாரதி வந்து கதவு மறுபடி திறந்த பின்னும் முள் கொழும்பிலேயே நின்றது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டவர்களில் எத்தனையோ பேர் படத்தைப் பார்க்காதவர்கள். அவர்களுக்குப் பாட்டு கதையின் ஒரு பகுதி அல்ல, தனியாக நின்ற ஒரு பொருள். இதனால் கிடைத்த லாபம் பெரிது: கதைக்கு வெளியேயும் அர்த்தமாகிற பொதுத் துயரத்தையும் பொது ஆனந்தத்தையும் கவிஞர்கள் பல்லவியிலே வைக்கப் பழகினார்கள். நஷ்டமும் அங்கேயே இருந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் ஓடும். அதிலும் நம் மனத்தில் தங்குவது பல்லவி, முதல் இடையிசை, முதற் சரணத்தில் பாதி. பாக்கியை ஹம்மிங்கால் நிரப்பிக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் பழைய பாட்டுப் பாடச் சொன்னால் பல்லவியை அட்டகாசமாக ஆரம்பிப்பவர், சரணத்துக்கு வந்ததும் 'லாலாலா' என்று மெட்டுக்கு மட்டும் திரும்பிவிடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! கவிஞர் எங்கே அலுத்தாரோ, அதே இடத்தில் ரசிகரும் மறக்கிறார். கடனை யாரும் திருப்பிக் கேட்காததால் அது தள்ளுபடியாகிவிட்டது.

அறுபதுகளைப் பொற்காலமென்று ஸ்தோத்திரம் செய்கிறவர்களுடைய அன்பில் எனக்குக் குறைவான பங்கில்லை. அவர்கள் தராசில்தான் எனக்குச் சந்தேகம். என் தகரப் பெட்டியிலிருக்கும் ஒரு புத்தகத்தில் எட்டுப் பாட்டுகள் இருந்தால் எனக்கே நினைவில் நிற்பவை இரண்டோ மூன்றோதான். மற்றவற்றைப் படிக்கும்போது மெட்டு வருவதில்லை, விரட்டவேண்டிய குரலும் இல்லை. காலம் அவற்றை நமக்காகச் சலித்து எறிந்துவிட்டது. இன்றைய பாட்டை இன்னும் எந்தச் சல்லடையும் தொடவில்லை. சலித்த அரிசியையும் சலிக்காத அரிசியையும் பக்கத்தில் வைத்து, பார் அந்தக் காலத்து அரிசியில் கல்லே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. என்றாலும், அந்த இரண்டு மூன்றை இன்று முழுக்கக் கேட்கும்போதும், இரண்டு சொல்லுக்குள் ஒரு மனுஷனின் முழு நிலைமையையும் வைத்த அந்தப் பல்லவிகளுக்கு ஈடாக, எழுத்தில் பிறந்த அந்தக் காலத்துப் புதுக்கவிதையிலோ மரபுக்கவிதையிலோ அதிகம் கிடைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். புலவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை உங்களுக்குப் பிரியமான பழைய பாட்டு ஒன்று காதில் விழுந்தால், பல்லவியோடு திருப்தியடைந்து எழுந்து போய்விடாமல், இரண்டாவது சரணம் முடிகிற வரையில் உட்கார்ந்து சொல்லைக் கேளுங்கள். நின்றால் கொண்டாடுங்கள், நிற்காவிட்டால் கவிஞரின் பெயரைச் சொல்லியே குறை சொல்லுங்கள். சொல் சரியாகக் காதில் விழவில்லை என்பவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. இரவல் தருவேன், ஓரம் மடியாமல் திருப்பித் தரவேண்டும்.